பால் பைதான் வளர்க்கப் போகிறீர்களா? என் தவறுகளை முதலில் படித்துவிடுங்கள்

பெயரிலிருந்தே குழப்பம் தொடங்குகிறது. இந்தப் பாம்பு பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டுகொள்ளும் என்பதால் ஆங்கிலத்தில் அதற்குப் பந்து என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். தமிழில் எழுதினால் 'பால் பைதான்' ஆகிவிடுகிறது. என் பெரியம்மா அதைப் படித்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு கிண்ணம் பாலோடு வந்தார். "பச்சப்புள்ள மாதிரி சுருண்டு கெடக்கு, ஒரு வாய் பால் குடுத்தா என்னடா?" தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிட்டுப் பாலை வைத்திருக்கிறார். நான் ஊரில் இல்லாத இரண்டு நாளும்.

பாம்பு பால் குடிப்பதில்லை, அதைச் செரிக்கவும் முடியாது. தாகத்தில் தவித்தால் எந்தத் திரவத்திலும் வாயை வைக்கும், அவ்வளவுதான். பெரியம்மா கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நானும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. ஆனாலும் முதல் ஆறு மாதத்தில் எங்கள் பொட்டலம் (அதுதான் அவள் பெயர்) வயிற்றில் தீப்புண், எலிக்கடி, வாந்தி என்று மூன்று முறை மருத்துவரிடம் போய்வந்தாள். மூன்றுக்கும் நானே காரணம்.

நான் இருப்பது சென்னையில். கீழே உள்ளது சென்னை வெயிலையும் புழுக்கத்தையும் மனதில் வைத்து எழுதியது. ஊட்டியிலோ பெங்களூரிலோ இருப்பவர்கள் சூடு பற்றிய பகுதியைத் தங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. எந்தப் பாம்பை வைத்திருக்கலாம், எதைத் தொடவே கூடாது

நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது குற்றம். சாரை, மண்ணுளி, மலைப்பாம்பு, நல்லபாம்பு எல்லாம் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. அட்டவணை 1இல் உள்ள உயிரினம் என்றால் தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை, கூடவே அபராதம். "தோட்டத்தில் அடிபட்டுக் கிடந்தது, காப்பாற்றி வைத்திருக்கிறேன்" என்பது நல்ல மனதுதான், ஆனால் அதைச் சட்டம் ஏற்காது. வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு பெரிய பாம்பைக் காட்டி, "பர்மிய மலைப்பாம்பு, வெளிநாட்டு இனம், பிரச்சினை இல்லை" என்பார்கள். பர்மிய மலைப்பாம்பு நம் வடகிழக்கு மாநிலங்களில் இயற்கையாகவே வாழ்கிறது. ரெட்டிக்குலேட்டட் மலைப்பாம்பு நிக்கோபாரில் இருக்கிறது. நிறம் மாறினால் இனம் மாறாது. இரண்டையும் வாங்காதீர்கள். சட்டத்தை விட்டுவிட்டாலும், இருபது அடி வரை வளரக்கூடிய ஒன்றை இரண்டு படுக்கையறை வீட்டில் என்ன செய்வீர்கள்?

பால் பைதான், அறிவியல் பெயர் பைதான் ரீஜியஸ், மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் பாம்பு. விஷமில்லை. வளர்ந்தால் மூன்றிலிருந்து ஐந்து அடி. இது, உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நம் சட்டத்தின் அட்டவணை 4க்குள் வந்துவிட்டது. வைத்திருக்கலாம், ஆனால் பதிய வேண்டும். சோளப்பாம்பு எனப்படும் கார்ன் ஸ்நேக் சைட்ஸ் பட்டியலில் இல்லாததால் இந்தப் பதிவுக்குள் வருவதில்லை. அது நாட்டுக்குள் எந்த வழியில் வந்தது என்பது வேறு கேள்வி, அதையும் கேட்டே வாங்குங்கள். 2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையம் வந்த ஒரே பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகள் பிடிபட்டன. விலை மலிவாக இருந்தால் ஏன் மலிவு என்று யோசியுங்கள்.

2. பதிவு: ஆவணம், கட்டணம், நாள் கணக்கு

இதைத்தான் நான் கடைசியாகச் செய்தேன், நீங்கள் முதலில் செய்யுங்கள். 2024 பிப்ரவரி 28 அன்று வந்த விதிகளின்படி, அட்டவணை 4இல் உள்ள உயிருள்ள விலங்கு உங்கள் கைக்கு வந்த 30 நாளுக்குள் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த ஆறு மாத அவகாசம் 2024 ஆகஸ்டோடு முடிந்துவிட்டது. "பழைய பாம்புதான், இனிமேல் பதியலாம், ஒன்றும் ஆகாது" என்று சொல்லி விற்பவரிடம் வாங்காதீர்கள்.

விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். திரும்பக் கிடைக்காது, அதனால் அனுப்பும் முன் இரண்டு முறை சரிபாருங்கள். பொட்டலத்தை எனக்குக் கொடுத்தவர் வெளிநாடு கிளம்பிய நண்பர். அவர் தன் பெயரில் பதிந்திருந்ததால் தப்பித்தேன். கைமாறியதை அவரும் தெரிவிக்க வேண்டும், புதிதாக வைத்திருப்பவராக நீங்களும் பதிய வேண்டும். இருபத்திரண்டாம் நாள் இது தெரிந்து அலறினேன்.

உட்காரும் முன் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் அடையாள, முகவரிச் சான்று, கொடுத்தவரின் பதிவுச் சான்றிதழ் நகல், விலைச் சீட்டு அல்லது கைமாற்றக் கடிதம், பாம்பின் அறிவியல் பெயர், பாலினம், தோராய வயது, கூண்டின் படம், பாம்பின் இரண்டு பக்கமும் மேலிருந்தும் எடுத்த தெளிவான படங்கள். முதுகுக் கோலம் ஒவ்வொரு பால் பைதானுக்கும் வேறு, நம் கைரேகை மாதிரி. மங்கலான படம் வேண்டாம், பகல் வெளிச்சத்தில் வெள்ளைத்தாள் மேல் வைத்து எடுங்கள்.

கொடுப்பவரிடம் பதிவுச் சான்றிதழ் இல்லையென்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். "அப்புறம் வாட்ஸப்பில் அனுப்புகிறேன்" என்றால் அனுப்பிய பிறகு பாம்பை வாங்கலாம்.

பதிவோடு வேலை முடிவதில்லை. முட்டை பொரித்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும், இறந்துபோனாலும் தெரிவிக்க வேண்டும். செம்பருத்திச் செடிக்கடியில் புதைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்து, தண்ணீர்க் குழாய் பார்க்க வந்தவர் சொல்லித் தெரிவது இன்னும் மோசம்.

3. பாம்பு வருவதற்கு ஒரு வாரம் முன்பே கூண்டு ஓட வேண்டும்

நான் பாம்பை முதலில் கொண்டுவந்து, அப்புறம் ஒவ்வொன்றாக வாங்கினேன். வாங்காமல் விட்டது, சூட்டை அளவோடு நிறுத்தும் கருவியான தெர்மோஸ்டாட். அதன் விலை அன்று 1,800 ரூபாய், தீப்புண்ணுக்கு ஆன செலவு அதைப்போல மூன்று மடங்கு.

விஷயம் இதுதான். சூடு தரும் மின் விரிப்பான ஹீட் மேட்டைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் செருகினால் அது ஏறிக்கொண்டே போகும். நமக்குச் சுட்டால் கையை எடுப்போம். பாம்போ அடிவயிறு வெந்துகொண்டிருக்கும்போதும் அதே இடத்தில் கிடக்கும். காலையில் பார்த்தபோது வயிற்றுச் செதில்கள் நான்கு விரல் அகலத்துக்குச் சிவந்து ஈரமாக இருந்தன. ஜனவரி குளிர், பாவம் நடுங்குமே என்றுதான் அன்றிரவு மேட்டின் மேல் ஒரு துண்டு வேறு போட்டுவைத்திருந்தேன்.

தெர்மோஸ்டாட் வாங்கினால் மட்டும் போதாது. அதன் உணரிக் கம்பி காற்றில் தொங்கினால் காற்றின் சூட்டைத்தான் அளக்கும், தரை அதற்குள் கொதித்திருக்கும். மேட்டுக்கு நேர் மேலே, பாம்பு நகர்த்த முடியாதபடி ஒட்டிவையுங்கள். சூடான கல் என்று ஒன்று விற்கிறார்கள், அதைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

அளவுகள்: சூடான பக்கத்தில் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதம், சட்டை உரிக்கும் நாட்களில் கொஞ்சம் கூடுதல். இரண்டு பக்கமும் தனித்தனி வெப்பமானி வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அளந்துவிட்டு நடுவில் எப்படியோ இருக்கும் என்று விடாதீர்கள்.

சரி, சென்னைக்கு ஹீட் மேட் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏப்ரல் முதல் ஜூலை வரை எனக்கு அது தேவைப்படுவதே இல்லை. அந்த மாதங்களில் எதிரி எதிர்ப்பக்கம் இருக்கிறது: அறையின் சூடு 35ஐத் தாண்டினால் பாம்புக்கு ஆபத்து. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் வைக்காதீர்கள். வெயில் காயட்டும் என்று கண்ணாடித் தொட்டியைச் சன்னலோரம் நகர்த்தாதீர்கள், அரை மணி நேரம் போதும், உள்ளே அடுப்பாகிவிடும். மின்வெட்டு நாட்களுக்காக உறையவைத்த தண்ணீர் பாட்டில் இரண்டை வைத்திருங்கள். துணியில் சுற்றி, கூண்டுக்கு வெளியே, குளிர்ந்த பக்கச் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். உள்ளே வைக்கக் கூடாது.

இதற்கு நேர்மாறான தவறையும் செய்தேன். நமக்கு வியர்க்கிறதே என்று இரவெல்லாம் 22 டிகிரியில் ஏசி. முந்தின நாள் இரை எடுத்திருந்தவள் மூன்றாம் நாள் அதைக் கக்கிவிட்டாள். குளிரில் பாம்புக்குச் செரிமானம் நின்றுபோகும், உள்ளே இருக்கும் எலி அழுக ஆரம்பிக்கும். ஏசி அறையில் காற்றும் வறண்டுவிடும்.

கூண்டின் அளவு: வளர்ந்த பாம்புக்கு நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம். ஆனால் பெரிய வெறும் தொட்டி அதற்கு மைதானத்தின் நடுவில் நிற்பது போல. உடம்பு இறுக்கமாக அடங்கும் ஒளிவிடம் இரண்டு வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. வாசல் வெட்டிய மண்சட்டி கவிழ்த்தால் போதும், ஓரத்தை மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். தரைக்குச் செய்தித்தாள் பார்க்க அழகில்லை, ஆனால் கழிவும் ரத்தமும் பாம்பின் மேல் ஒட்டும் உண்ணியும் உடனே தெரியும், செலவும் கிடையாது. தேவதாரு, பைன் மரச்சீவல் வேண்டாம், அதன் வாசனை எண்ணெய் நுரையீரலுக்கு ஆகாது.

மூடிக்குப் பூட்டு போடுங்கள். மூடி மேல் புத்தகம் வைப்பது பூட்டல்ல. பால் பைதானின் திட்டுத்திட்டான பழுப்புக் கோலத்தை அவசரத்தில் பார்ப்பவருக்குக் கண்ணாடி விரியன் என்றுதான் தோன்றும். அது பக்கத்து வீட்டுப் பால்கனிக்குப் போனால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கொசுவர்த்தி, கொசுவிரட்டித் திரவம், கரப்பான் தெளிப்பான், எறும்புச் சாக்பீஸ் எல்லாம் அந்த அறைக்கு வெளியே. அவற்றில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் மூடிய சிறு கூண்டில் தேங்கினால் பாம்பின் நரம்பைத் தாக்கும். வலை அடித்த சன்னல்தான் ஒரே வழி. உண்ணி தெரிந்தால் வேப்பெண்ணெய், மஞ்சள் என்று கைவைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

4. இரை: பாசம் அதிகமாகி நடக்கும் கூத்து

உயிருள்ள எலியை உள்ளே விட்டால்தான் 'இயற்கை' என்று ஒருவர் சொன்னார், நானும் கேட்டேன். பாம்புக்கு அன்று பசியில்லை. எலிக்குப் பசி இருந்தது. முதுகில் கடித்த இடத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. கூண்டுக்குள் தப்பிக்க இடமில்லாத எலி பாம்பைக் கடித்தே கொன்றுவிடக்கூடும்.

உறையவைத்த எலி வாங்குங்கள். முந்தின இரவு குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டு, அப்புறம் பாலித்தீன் பையோடு வெந்நீரில் போட்டு உடல்சூடு அளவுக்கு, 38 டிகிரி பக்கம், கொண்டுவர வேண்டும். மைக்ரோவேவ் கூடவே கூடாது, நடுவில் வெந்து வெடிக்கும். நீளமான இடுக்கியால் நீட்டுங்கள், கையால் வேண்டாம். வீட்டு இட்லி மாவு இருக்கும் குளிர்பெட்டியில் எலி வைப்பதை வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை, ஒப்புக்கொள்ளவும் கூடாது. பழைய சின்னப் பெட்டி ஒன்று 4,000 ரூபாய்க்குக் கிடைத்தது. வீட்டில் பிடித்த எலி வேண்டாம், அது எந்த விஷத்தைத் தின்றிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இரை, பாம்பின் உடம்பில் மிகப் பருத்த இடத்தின் அளவு இருந்தால் சரி. குட்டிக்கு வாரம் ஒருமுறை, வளர்ந்ததற்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை. "பதினைந்து நாளாகப் பட்டினி போடுகிறாயே" என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். சிரித்துக்கொண்டு காபி கொடுங்கள். காட்டில் அது வாழும் முறையே அப்படி, வாராவாரம் ஊட்டினால் கல்லீரலில் கொழுப்பு சேரும்.

பால் பைதான் திடீரென்று சாப்பிடாமல் நிறுத்தும், முக்கியமாகக் குளிர் மாதங்களில். பொட்டலம் ஒருமுறை பதினொரு வாரம் இரையைத் தொடவில்லை. வாயைத் திறந்து திணிக்கத் தோன்றும். செய்யாதீர்கள், தாடையும் தொண்டையும் கிழியும். 400 ரூபாய்க்கு ஒரு சமையலறைத் தராசு வாங்கி வாரம் ஒருமுறை எடை எழுதுங்கள். எடை பெரிதாகக் குறையாத வரை பொறுமை, பத்து சதவீதம் குறைந்தால் மருத்துவர். அந்தப் பதினொரு வாரத்தில் அவள் இழந்தது 40 கிராம், நான் இழந்தது இரண்டு கிலோ.

5. தொடுவது, குளிப்பாட்டுவது, சட்டையை உரித்துவிடுவது

வந்த முதல் இரண்டு வாரம் தொடாதீர்கள். தண்ணீர் மாற்றுங்கள், கழிவை எடுங்கள், கதவைச் சாத்துங்கள். இரை எடுத்த பிறகு குறைந்தது 48 மணி நேரம் தூக்கக் கூடாது, தூக்கினால் கக்கிவிடும்.

என் கையில் பந்தாகச் சுருண்டபோது கொஞ்சுகிறாள் என்று நினைத்துப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். அவள் பயந்துபோய்த் தலையை ஒளித்துக்கொண்டிருந்தாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், பத்து பதினைந்து நிமிடம் போதும். விருந்தாளி கழுத்தில் போட்டுப் படம் எடுப்பது வேண்டாம்.

கண் நீலம் பாரித்து மங்கினால் சட்டை உரிக்கப் போகிறது. ஈரப்பதத்தைக் கூட்டிவிட்டு ஒதுங்குங்கள். சட்டை துண்டு துண்டாக ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணிக்குள் கொஞ்ச நேரம் ஊர்ந்துபோக விடலாம். கண்மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடித் தோலை நகத்தாலோ இடுக்கியாலோ எடுக்காதீர்கள், கண் போய்விடும்.

பாம்பையோ கூண்டையோ தொட்ட பின் சோப்பால் கை கழுவ வேண்டும். ஊர்வன மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கும், பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, நோய் எதிர்ப்பு குறைந்த முதியவர் இருக்கும் வீட்டில் இது வேண்டாம் என்றே சொல்வேன். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

கடித்தால்? சின்னச் சின்ன ஊசிக் குத்துகள்தான். வெடுக்கென்று கையை இழுத்தால் அதன் பல் ஒடிந்து உள்ளே தங்கும். விடும்வரை பொறுத்து, சோப்பு நீரில் கழுவி, டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள்.

6. மருத்துவரைப் பாம்புக்கு முன் தேடுங்கள்

நாய் பூனை பார்க்கும் எல்லாரும் பாம்பு பார்ப்பதில்லை. முதலில் நான் போன இடத்தில் தீப்புண்ணுக்கு மனிதர்களுக்கான களிம்பு ஒன்றைத் தடவி அனுப்பினார்கள். அது ஈரத்தை அடைத்து இன்னும் புண்ணாகியது. போன் செய்து, "பாம்பு பார்த்திருக்கிறீர்களா, இந்த வருஷம் எத்தனை?" என்று நேராகக் கேளுங்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஊர்வன பார்ப்பவர் எந்த நாளில் இருப்பார் என்று விசாரித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பாம்பைத் துணிப்பையில் போட்டு, முடிச்சிட்டு, காற்றுத்துளை உள்ள பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோங்கள், பதிவுச் சான்றிதழ் நகலோடு. ஆட்டோக்காரரிடம் முன்பே சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் மனசாட்சி. நான் சொன்னேன், மூன்று ஆட்டோ போய்விட்டது.

அன்றே கிளம்ப வேண்டியவை: வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் நுரை, மூச்சில் விசில் சத்தம், தலையை வானம் பார்த்து வளைப்பது, இரண்டாம் முறை கக்குவது.

தனியாக இருக்கும் பெண் பாம்பும் முட்டையிடும், அதிர்ச்சி அடையாதீர்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் 60 வயதைத் தாண்டிய ஒரு பால் பைதான், பல ஆண்டுகளாக ஆண் பாம்பின் பக்கமே போகாமல், 2020இல் முட்டையிட்டது.

7. இனி முடியாது என்றால்

மேலே சொன்ன வயதை இன்னொரு முறை படியுங்கள். சாதாரணமாக 20 முதல் 30 ஆண்டு. திருமணம், வீடு மாறுதல், வேலை மாறுதல் எல்லாவற்றிலும் பெட்டியோடு வரும்.

முடியவில்லை என்றால் ஏரிக்கரையிலோ கோயில் தோப்பிலோ "சுதந்திரமாக இருக்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். கூண்டில் பிறந்து இடுக்கியில் இரை எடுத்தது பட்டினியில் சாகும், அல்லது யாராவது அடித்துக் கொல்வார்கள். சாகாமல் பிழைத்தால் இன்னும் பெரிய தொல்லை: அதன் உடம்பிலுள்ள நோயும் உண்ணியும் நம் காட்டுப் பாம்புகளுக்குப் போகும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா சதுப்பு நிலத்தில் செல்லப்பிராணிகளாக வந்த பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்கிருந்த முயலையும் ரக்கூனையும் காலி செய்துவிட்டன.

சட்டப்படி பதிந்து வாங்கிக்கொள்ளும் ஒருவரை இன்றே பேசிவையுங்கள், கூண்டோடும் தெர்மோஸ்டாட்டோடும் எடைக் குறிப்பேட்டோடும் கொடுங்கள், கைமாற்றத்தைப் பரிவேஷில் ஏற்றுங்கள். அப்படி யாரும் கிடைக்கவில்லை என்றால் வனத்துறைக்கு எழுதிக் கேளுங்கள்.

நீங்கள் ஊரில் இல்லாத நாட்களுக்கு ஒரு தாள் எழுதிக் கூண்டின் மேல் ஒட்டிவிடுங்கள். என் தாளில் மூன்று வரிதான்: தண்ணீர் மட்டும் மாற்றவும். மின்சாரம் போனால் எனக்குப் போன் செய்யவும். பெரியம்மா, பால் வேண்டாம்.